முப்பது வயது வண்டியும் மூச்சுக் காற்றும்



"இந்தப் பக்கத்தில் கார் என்ஜினுக்கு என்ன வேலை?" என்று புருவத்தை உயர்த்தாதீர்கள். குழந்தை உட்காரப்போகும் இடம் எதுவானாலும் அது நம் பக்கத்துச் சங்கதிதான். தொட்டிலின் கயிற்றை இழுத்துப் பார்க்காமல் பிள்ளையைப் போடுகிறோமா? காரையும் அப்படித்தான் இழுத்துப் பார்க்க வேண்டும்.

2023 நவம்பரில் மகளின் இரண்டாவது பிரசவத்துக்கு உதவியாக ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகரத்தில் இருந்தேன். மூத்தவளுக்கு நாலரை வயது. சின்னவன் பிறந்து இரண்டு மாதம். மாப்பிள்ளைக்கு ஷிப்ட் வேலை. அதிகாலையில் பஸ் கிடையாது. பனி பெய்யும் நாளில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போக, இரண்டு டிராம் மாறவேண்டும். ஒரு கார் இல்லாமல் இனி முடியாது என்று ஆகிவிட்டது. புதுக் கார் என்பதெல்லாம் எட்டாக்கனி. சேர்த்து வைத்த பணத்துக்கு ஒரு பழைய வால்வோ 240 ஸ்டேஷன் வேகன்தான் அகப்பட்டது. 1991 மாடல்.

ஸ்டேஷன் வேகன் என்றால் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கார்தான், ஆனால் டிக்கி தனியாகத் துருத்திக்கொண்டு இருக்காது. கூரை கடைசிவரை நீண்டு, பின்னால் ஒரு பெரிய கதவு மேல்நோக்கித் திறக்கும். தள்ளுவண்டி, தொட்டில், அரிசி மூட்டை எல்லாம் அப்படியே உள்ளே போகும். 240 வரிசை 1974-ல் வந்து 1993-ல் நின்றது. மொத்தம் 28 லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். பெட்டி மாதிரி சதுரமாக இருக்கும். அழகு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் பீரோ மாதிரி ஒரு உறுதி இருக்கிறது.

எனக்கு இதில் என்ன தெரியும் என்று கேட்பீர்கள். என் அப்பா கோயம்புத்தூரில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அங்கேதான் வீட்டுப்பாடம். அம்பாசிடரின் சத்தத்தைக் கேட்டே "இது ஆயில் அடிக்குது, அது மிஸ்ஸிங்" என்று சொல்வார். எனக்கு அந்தக் காது முழுசாக வரவில்லை. ஆனால் எதை எப்போது பார்க்கவேண்டும் என்கிற வரிசை மட்டும் மனசில் நின்றுவிட்டது.

விளம்பரத்தில் வண்டி ஓடிய தூரம் "29,000 மில்" என்று போட்டிருந்தது. "அட, வெறும் இருபத்தொன்பதாயிரம் மைலா! முப்பது வருஷத்துல இவ்வளவுதான் ஓடுச்சா?" என்று நான் வாயைப் பிளந்தேன்.

"ஐயோ அம்மா, இந்த ஊர்ல ஒரு மில்னா பத்து கிலோமீட்டர். ரெண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம் கிலோமீட்டர்!" என்றாள் மகள்.

பிளந்த வாய் மூடவில்லை, காரணம்தான் மாறியது. பிறகு யோசித்துப் பார்த்தேன். இந்த வண்டியில் இருக்கும் 2.3 லிட்டர் நாலு சிலிண்டர் என்ஜின் வார்ப்பிரும்பு பிளாக். மேலே அலுமினிய ஹெட். பிளாக்குக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்திருப்பதால் 'ரெட் பிளாக்' என்றே பெயர். ஒழுங்காக ஆயில் மாற்றினால் மூன்று, நான்கு லட்சம் கிலோமீட்டரெல்லாம் இதற்குச் சாதாரணம். ஆகவே எண்ணைக் கண்டு பயப்படவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். அதிலும் 240-ல் மீட்டருக்குள் இருக்கும் ஒரு சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்து, ஓடிய தூரம் காட்டுவது நின்றுபோவது சகஜம். நேர்மையான ஆளின் வண்டியிலேயே மீட்டர் பொய் சொல்லலாம்! அந்த நாட்டில் ஒரு வசதி உண்டு. வண்டி எண்ணைக் கொடுத்தால் போக்குவரத்து ஆணையத்தின் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கடைசிப் பரிசோதனை எப்போது நடந்தது என்பது தெரிந்துவிடும். மகள் அதைப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். நம் ஊரிலென்றால் ஆர்.சி. புத்தகம், இன்ஷூரன்ஸ், சர்வீஸ் பில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்குச் சமம்.

விற்பவர் நகரத்துக்கு வடக்கே ஒரு கிராமத்தில் இருந்த பெரியவர். தச்சு வேலை செய்து ஓய்வு பெற்றவர். நாங்கள் போய் இறங்கியதும் சிரித்த முகமாக வரவேற்றார். நான் கும்பிடு போட்டுவிட்டு நேராகப் போய் போனட்டின் மேல் உள்ளங்கையை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது!

ஆறிய என்ஜினைத்தான் பார்க்கவேண்டும் என்பது அப்பாவின் முதல் பாடம். சூடான என்ஜின் புது மாப்பிள்ளை மாதிரி; எல்லாக் குணத்தையும் மறைத்துக்கொண்டு நன்றாகவே நடந்துகொள்ளும். காலையில் முதல் முதலாக ஸ்டார்ட் ஆகும்போதுதான் அதன் சுயரூபம் தெரியும். "கண்ணு, இவரு வண்டிய முன்னாடியே ஓட்டி சூடு பண்ணி வெச்சிருக்காரு. வா போலாம்" என்று மகளின் காதில் சொன்னேன்.

அவள் பெரியவரிடம் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே முன்பக்கத்தில் தொங்கிய ஒரு மின்சார ஒயரைக் காட்டினார். அங்கே குளிர்காலத்தில் என்ஜினுக்கு ஹீட்டர் போடுவது வழக்கமாம்! ராத்திரி முழுக்க உறைபனியில் நிற்கும் வண்டியை, காலையில் கிளப்புவதற்கு முன் கரண்டில் சொருகி வெதுவெதுப்பாக்கி வைப்பார்கள். பாவம், அவர் ஏமாற்றவில்லை. நான்தான் அவசரப்பட்டேன். ஆனாலும் பாடம் பாடம்தானே? "நாளைக்கு வர்றோம். ராத்திரி ஒயரைச் சொருகாம வைக்கச் சொல்லு" என்றேன். மகளுக்குக் கோபம். ஒரு நாள் வீண், இரண்டு பஸ் வீண், பால் கொடுக்கிற நேரம் வேறு தப்பிவிட்டது. பெரியவர் மட்டும் கோபப்படாமல் காப்பியும் ஏலக்காய் போட்ட ஒரு ரொட்டியும் கொடுத்தார். (அந்த ஊர்க்காரர்கள் ரொட்டியில் ஏலக்காய் போடுவார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. நன்றாகவே இருந்தது.)

மறுநாள் போனட் ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. திருப்தி!

ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பார்க்கவேண்டியவை உண்டு. டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்தேன். ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில், கருத்துப்போய் இருந்தது. கறுப்பு குற்றமில்லை, ஓடிய ஆயில் கருக்கத்தான் செய்யும். விரலில் தேய்த்தால் மணல் மாதிரி நெருடக்கூடாது, பால் கலந்த மாதிரி வெளுத்திருக்கக்கூடாது. ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து உட்புறம் பார்த்தால் இளமஞ்சளாக வெண்ணெய் மாதிரி கொஞ்சம் படிந்திருந்தது. எனக்குப் பகீரென்றது. ஹெட் கேஸ்கட் போய் தண்ணீர் ஆயிலில் கலந்தால் இப்படித்தான் வரும். ஆனால் குளிர் தேசத்தில், கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடி என்ஜின் முழுசாகச் சூடேறாத வண்டியிலும் இப்படிப் படியும். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்து மூடியில் ஆவி கோத்துக்கொள்வது போல. எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டிப் ஸ்டிக்கிலும் வெண்ணெய் இருக்கிறதா, ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதா என்று பார்க்கவேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் மூடியில் இருப்பது வெறும் ஆவிதான்.

ரேடியேட்டர் தண்ணீர் நிற்கும் பிளாஸ்டிக் பாட்டிலைப் பார்த்தேன். ரசத்தின் மேல் நெய் மிதப்பது போல எதுவும் மிதக்கவில்லை. துருவேறிய காவி நிறமும் இல்லை. (சூடான என்ஜினில் இந்த மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீச்சியடிக்கும்.) இங்கே தாய்மார்களுக்கு ஒரு எச்சரிக்கை சொல்லிவிடுகிறேன். அந்தத் தண்ணீரில் உறையாமல் இருக்கக் கலக்கும் எத்திலீன் கிளைக்கால் என்ற திரவம் தித்திப்பானது, ஆனால் கொடிய நஞ்சு, சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். கார் நின்ற இடத்தில் பச்சையாகவோ நீலமாகவோ சொட்டியிருந்தால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். மீதியைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். குழந்தை ஒரு வாய் குடித்துவிட்டதென்று சந்தேகம் வந்தால்கூட, வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று நேரத்தைக் கடத்தாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

பிறகு மகளை ஸ்டீரிங்கில் உட்காரவைத்து, நான் பின்னால் போய் சைலன்சர் பக்கத்தில் நின்றுகொண்டேன். எங்கள் வீட்டில் இது எப்போதும் என் இடம். சாவியைத் திருப்பியதும் ஆயில் விளக்கு எரிந்து, என்ஜின் பிடித்த இரண்டு நொடியில் அணைந்துவிட்டது என்று மகள் உள்ளிருந்து குரல் கொடுத்தாள். விளக்கு எரியவே இல்லையென்றால் யாரோ பல்பைக் கழற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அணையத் தாமதமானால் பேரிங் தேய்ந்திருக்கலாம்.

புகை வெள்ளையாக, பொசுபொசுவென்று வந்தது. மைனஸ் நாலு டிகிரிக் குளிரில் நாமே மூச்சு விட்டால் வெள்ளைப் புகைதான். இதைக் கண்டு பயப்படக்கூடாது. ஐந்து நிமிடத்தில் மறைந்தது. என்ஜின் சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, அதில் ஒரு தித்திப்பு வாசனையும் இருந்தால் உள்ளே தண்ணீர் எரிகிறது. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. ஸ்டார்ட் செய்தபோது மட்டும் ஒரு கொத்து நீலம் வந்து போனால் வால்வ் சீல் கெட்டிப்பட்டிருக்கும். அது பெரிய செலவில்லை. மேடேறும்போது விடாமல் நீலமாக அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்மானம், ஓவராயில்தான். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. இந்த வண்டியில் நீலமும் இல்லை, கறுப்பும் இல்லை.

அடுத்து வந்ததுதான் வேடிக்கை. குழந்தைக்கு நாப்கின் மாற்றும்போது போட்டுக்கொள்ள மகள் பையில் மெல்லிய ரப்பர் கையுறை வைத்திருந்தாள். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் மூடியைக் கழற்றி, அந்தத் துவாரத்தின் மேல் கையுறையை மாட்டினேன். ஒரு நிமிடத்தில் அது பூரி மாதிரி உப்பி, ஐந்து விரலையும் விரித்து எங்களுக்கு ஆசீர்வாதம் செய்தது! மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எந்த என்ஜினிலும் பிஸ்டனைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே கசியும். அதை வெளியே இழுத்து மறுபடி எரிய விடுவதற்கு ஒரு குழாய்ப்பாதை உண்டு. அந்தப் பாதையில் இந்த என்ஜினுக்கு 'ஃபிளேம் டிராப்' என்று விரல்நுனி அளவில் ஒரு பிளாஸ்டிக் சல்லடை இருக்கிறது. அது டீ வடிகட்டி மாதிரி கசண்டு பிடித்து அடைத்துக்கொள்ளும். சரியாக இருந்தால் கையுறை உள்ளே இழுபட்டுத் தொங்கும், அடைத்திருந்தால் உப்பும். உப்பிய வாயு போக வழியில்லாமல் ஆயில் சீல்களைத் தள்ளிக்கொண்டு வரும். பின்பக்கத்துச் சீல் போனால் அதை மாற்ற கியர்பாக்ஸையே இறக்கவேண்டும். சல்லடைக்கோ சில்லறைக் காசுதான். ஆனால் ஒன்று: ரிங் தேய்ந்த என்ஜினிலும் கையுறை உப்பும்! ஆகையால் சல்லடையை மாற்றிவிட்டு மறுபடி பார்த்தால்தான் உண்மை தெரியும். அதுவரை விலை பேசக்கூடாது என்று முடிவு செய்தேன்.

டைமிங் பெல்ட் கதையையும் கேட்டோம். பல் வைத்த ரப்பர் பெல்ட். இந்த என்ஜினுக்கு 80,000 கிலோமீட்டர் வாக்கில் மாற்றவேண்டும். பெரியவருக்கு எப்போது மாற்றியது என்று நினைவில்லை, பில்லும் இல்லை. பில் இல்லாத பெல்ட் மாற்றாத பெல்ட்தான். விலையில் கழித்துக்கொள்ள வேண்டியது. இந்த 2.3 லிட்டர் எட்டு வால்வ் என்ஜினில் பெல்ட் அறுந்தால் வண்டி நின்றுபோகும், அவ்வளவுதான். வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்வதில்லை. இதே வரிசையில் வந்த ஆறு சிலிண்டர் டீசலில் அறுந்தால் மோதி என்ஜினே போய்விடும். ஒரே உருவத்து வண்டிதானே என்று நினைத்துவிடக்கூடாது. அதேபோல 1987-க்கு முந்திய வண்டியானால் என்ஜினுக்குள் போகும் ஒயர்களை வளைத்துப் பாருங்கள். மேல்தோல் அப்பளமாக நொறுங்கும். எங்களது 1991 என்பதால் தப்பித்தோம்.

நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிப் பார்த்ததில் நாலும் ஒரே மாதிரி, நெய்யில் வறுத்த ரவையின் பொன்னிறம். கறுப்புக் கரியோ எண்ணெய்ப் பசையோ இருந்தால் அந்தச் சிலிண்டரில் வியாதி. என்ஜின் விஷயத்தில் மனசு பாதி நிம்மதியானது.

பின்கதவைத் திறந்தார் பெரியவர். சாமான் வைக்கும் தரையிலிருந்து ஒரு குட்டி சீட்டை மடக்கி நிமிர்த்தினார். பின்னோக்கிப் பார்த்து உட்காரும் இரண்டு பிள்ளைகளுக்கான சீட்! இந்த வேகனில் விரும்பியவர்கள் கேட்டு வாங்கியது அது. கைக்குழந்தைக்கு ஆகாது, சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு. மகளின் கண் மின்னியது. "பெரியவளை இதுல உட்கார வெச்சா, நடுசீட்டு முழுக்க தம்பிக்கும் உனக்கும்தாம்மா!"

வெள்ளோட்டம் போனோம். நான் பின்சீட்டில். வண்டி சுகமாகத்தான் ஓடியது. சிக்னலில் நின்றபோது மட்டும் லேசாக ஒரு வாடை; மண்ணெண்ணெய் ஸ்டவ் அணைத்தபின் வருமே, அது மாதிரி. பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று பேசாமல் இருந்தேன். இருபது நிமிடத்தில் நெற்றிப்பொட்டில் வலி. வழக்கமாக எனக்குத் தலைவலி வருவதே இல்லை. "கண்ணு, வண்டிய நிறுத்து. கண்ணாடிய எல்லாம் எறக்கு" என்றேன்.

"குளிருதும்மா!"

"குளிரட்டும். எறக்கு."

கார்பன் மோனாக்சைடு என்கிற வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. நமக்கு மணப்பது அதோடு சேர்ந்து வரும் மற்றப் புகைதான். ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினை இது பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், களைப்பு, பிறகு தூக்கம். குழந்தைகள் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுவதால் அவர்களை முதலில் தாக்கும். காரில் போகும்போது குழந்தை தூங்கிவிட்டால் நாம் "அப்பாடா" என்று சந்தோஷப்படுவோம். எது தூக்கம், எது மயக்கம் என்று முன்சீட்டில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? காரில் ஏறினால் எல்லோருக்கும் தலைவலி, இறங்கிக் காற்று வாங்கினால் சரியாகிறது என்றால் அதைப் பித்தம், பயண அலுப்பு என்று தள்ளிவிடாதீர்கள். உடனே எல்லோரும் வெளியே வந்து, மயக்கமோ குழப்பமோ இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

ஸ்டேஷன் வேகனில் இது இன்னும் கவனிக்கவேண்டிய சமாசாரம். சதுரமான முதுகுள்ள வண்டி ஓடும்போது பின்னால் காற்று சுழன்று, தன் புகையையே தன் முதுகில் இழுத்துப் பூசிக்கொள்ளும். பின்கதவின் ரப்பரில் ஒரு விரல் கிழிசல் இருந்தால் போதும், உள்ளே வந்துவிடும். பெரிய சாமான் ஏற்றி, கதவைக் கயிறு கட்டிப் பாதி திறந்தபடி ஓட்டுவார்களே, அது மகா ஆபத்து. அந்தக் குட்டி சீட்டு இருக்கும் இடமோ சரியாக அந்தக் கதவின் பக்கத்தில்!

திரும்பி வந்து, என்ஜின் நன்றாக ஆறியபின் தேடினோம். பின்கதவின் கீழ்விளிம்பில் உட்புறம் விரலை ஓட்டினால் கரி ஒட்டியது. இடது மூலையில் ரப்பர் பிளந்திருந்தது. ஸ்டெப்னி வைக்கும் குழியில் அடைப்பான் ஒன்று காணோம். பிறகு பட்டறை வித்தை: ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்து, தடித்த ஈரத்துணியால் சைலன்சர் வாயை ஒரு நொடி அமுக்கினால், வழியில் எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே 'உஸ்' என்று சத்தம் வரும். (வெட்டவெளியில், கைச்சூடு படாமல், இரண்டு பேர் இருந்து செய்யவேண்டியது. வீட்டு ஷெட்டுக்குள் வேண்டவே வேண்டாம்.) முன்சீட்டுக்குக் கீழே, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு முன்னால் இருந்த இணைப்பில் சத்தம் கேட்டது. பெரியவர் டார்ச் அடித்துப் பார்த்தார். இணைப்பைச் சுற்றிக் கறுப்பாகப் புகை படிந்திருந்தது. கன்வர்ட்டருக்குப் போகும் முன்பே கசிவதால், வருவது வடிகட்டாத முழு விஷம்.

பெரியவரின் முகம் சுண்டிவிட்டது. மனைவி போன பிறகு அவர் ஒருவர்தான் ஓட்டிக்கொண்டிருந்தாராம், எப்போதும் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டு. பின்னால் பலகைதான் போகும். "என் பேரப்பிள்ளைகள் அந்தச் சீட்டில்தான் வளர்ந்தார்கள். அப்போது இந்தக் கோளாறு இல்லை" என்றார். இரண்டு மூன்று முறை சொன்னார்.

மகள் தடுமாறினாள். வண்டி பிடித்துவிட்டது, மனுஷரும் நல்லவர், அடுத்த வாரம் பனி கொட்டும் என்கிறார்கள். "வாங்கிட்டு அப்புறம் சரி பண்ணிக்கலாமேம்மா?" என்றாள். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் என்பது சம்பளத் தேதிக்குப் போகும், பிறகு அடுத்த சம்பளத்துக்குப் போகும். அதற்குள் நூறு தடவை பிள்ளைகள் அந்த வண்டியில் ஏறி இறங்கியிருப்பார்கள். முன்பணம்கூட வேண்டாம், புகைக்குழாய் இணைப்பு, கதவு ரப்பர், அடைப்பான், அந்த ஃபிளேம் டிராப் இவ்வளவும் மாற்றிய பிறகு எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் வந்து பார்ப்பார், பெல்ட் செலவைக் கழித்து மீதியைத் தருகிறோம் என்று பேசி முடித்தோம். பெரியவர் ஒப்புக்கொண்டார். அவருக்கும் அதில் ஒரு நிம்மதி இருந்தது போலத் தெரிந்தது.

பத்து நாள் கழித்துப் போனோம். முதல் காரியம் கையுறைதான். இந்தத் தடவை அது உப்பவில்லை. துவண்டு உள்ளே இழுபட்டது. ரிங் நன்றாக இருக்கிறது! மெக்கானிக் கம்ப்ரஷன் பார்த்ததில் நாலு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு. அவர் ஸ்குரூ டிரைவரால் வண்டியின் அடிப்பாகத்தைத் தட்டித் தட்டித் துருவும் பார்த்தார். அங்கே ரோட்டில் உப்புத் தூவுவதால் என்ஜினுக்கு முன்னால் தகரம்தான் சாகும். ஜாக்கி வைக்கும் இடம், சக்கர வளைவு, பின்கதவின் கீழ்ப்பகுதி இவை முக்கியம். இரண்டு இடத்தில் பொட்டு, பரவாயில்லை என்றார். ஹீட்டர் ஃபேனை எல்லா வேகத்திலும் ஓடவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். இந்த வண்டியில் அந்த ஃபேன் போனால் டேஷ்போர்டையே பிரித்தாகவேண்டுமாம். ஃபேனை முதலில் வைத்துவிட்டு அதைச் சுற்றிக் காரைக் கட்டினார்கள் என்று அவர் கேலி செய்தார்.

குழந்தை சீட்டைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். முப்பது வயது வண்டியில், இப்போதைய சீட்டுகளைச் சொருகும் 'ஐசோஃபிக்ஸ்' கொக்கி கிடையாது. பெல்ட்டால் கட்டக்கூடிய சீட்டாகப் பார்த்து வாங்கவேண்டும். அதற்கு வண்டியின் பெல்ட் நன்றாக இருக்கவேண்டும். வெடுக்கென்று இழுத்தால் பிடித்துக்கொள்கிறதா, ஓரம் பிசிறு விட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் இந்த மூன்று முனை பெல்ட்டை 1959-ல் கொண்டுவந்த நில்ஸ் பூலின் இதே வால்வோவில் வேலை பார்த்த என்ஜினீயர். குழந்தையைப் பின்னோக்கி உட்காரவைக்கும் சீட்டும் அந்த ஊர் யோசனைதான். பெர்டில் ஆல்ட்மன் என்ற பேராசிரியர் 1960-களில் விண்வெளி வீரர்கள் மல்லாந்து அமர்வதைப் பார்த்து உருவாக்கினார். திடீர் பிரேக்கில் குழந்தையின் கனத்த தலை முன்னால் வீசப்படாமல், முதுகு முழுக்கச் சீட்டில் அமுங்கும். அங்கே நாலு வயது வரையிலாவது இப்படித்தான் உட்கார வைக்கச் சொல்கிறார்கள். நம் ஊரில் மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் போகிறோமே, அதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பின்னால் இருந்த குட்டி சீட்டுக்கு மட்டும் நான் உடனே சம்மதிக்கவில்லை. பாட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை மாப்பிள்ளை வாங்கிவந்து அங்கே வைத்தார். ஒரு வாரம் ஓட்டினார்கள். எண் பூஜ்யத்திலேயே நின்றது. அதற்குப் பிறகுதான் பேத்தி அதில் ஏறினாள். பின்னால் வரும் வண்டிக்காரர்களுக்கெல்லாம் டாட்டா காட்டிக்கொண்டே வருவாள். பனி கொட்டிய காலையில் சைலன்சர் வாயில் அடைத்திருக்கும் பனியைத் தோண்டி எடுத்த பிறகுதான் ஸ்டார்ட் செய்யவேண்டும் என்று மாப்பிள்ளையிடம் தினமும் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவர் நான் வாய் திறப்பதற்கு முன்பே மண்வாரியைக் கையில் எடுத்துக்காட்ட ஆரம்பித்தார்.

நான் ஊருக்குத் திரும்பி இரண்டு மாதம் கழித்து மகள் ஃபோன் செய்தாள்.

"அம்மா, மீட்டர் நின்னு போச்சு. ரெண்டு லட்சத்துத் தொண்ணூத்து மூணாயிரத்துலயே நிக்குது."

"வண்டி ஓடுதா?"

"அது ஓடுது."

"அப்ப தேதிய ஒரு நோட்டுல எழுதி வை. ஆயில் மாத்தறதுக்கு வேணும்" என்றேன்.